வரிசை மாறிய ஆறாம் பாடம்

முப்பத்தொரு வயதில் ஒருத்தி "ஓய்வு பெற்றேன்" என்று எழுதினால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் போன மாதம் ராயபுரத்தில் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டி, சால்வை போட்டு, "ஓய்வு பெறும் ஈஸ்வரி அக்காவுக்கு" என்று அட்டை எழுதிக் கொடுத்தே விட்டார்கள். ஓய்வு எனக்கு அல்ல, நான் ஒன்பது வருடம் பார்த்த வேலைக்கு. எங்கள் நிறுவனம் தொழில் தேர்வுகளுக்கான தமிழ்ப் புத்தகங்களை பி.டி.எஃப். ஆக இணையத்தில் விற்கிறது. பாய்லர், கிரேன், வெல்டிங் என்று நம் பக்கத்து ஆட்கள் எழுதும் தேர்வுகள். ஒருவர் வாங்கிய புத்தகம் ஊருக்கே போய்விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. போனால் யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடிப்பதும் என் வேலை.

இனி அதைப் புதிய செயலி செய்யும். புத்தகத்தை இறக்கி வைக்க முடியாது, செயலிக்குள்ளேயே படிக்க வேண்டும், திரையைப் படம் பிடித்தால் கறுப்பாக விழும். இதை விளக்கிச் சொன்ன அன்று, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "இன்னொரு போன்ல போட்டோ எடுத்தா இன்னாக்கா பண்ணும்?" என்று கேட்டாள். "நீ பொழச்சிக்குவே" என்றேன். அவர்கள் இருவரும்தான் பழைய முறையை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் முறையைவிட பாய்லர் புத்தகத்தின் அந்த ஆறாம் பாடம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எழுத இடம் கிடைக்கும்போதெல்லாம் இதை எழுதிவிடுவேன், இங்கேயும் எழுதிவிட்டேன். அப்பா முனுசாமி காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். விடியற்காலை போனால் மத்தியானம் வீட்டில் இருப்பார். திருவொற்றியூரில் ஒற்றை அறை வீடு. அங்கேயே படித்து, அரசு கல்லூரியில் பி.சி.ஏ. முடித்து, தட்டச்சு வேலைக்கு ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்து ஒரு மாடிப்படி ஏறினேன். கீழே படகு இன்ஜின் உதிரிப்பாகங்கள் விற்கும் கடை. மேலே எங்கள் முதலாளி ஸ்டெல்லா மேடம்.

ஸ்டெல்லா மேடம் அதற்கு முன் ஐ.டி.ஐ. ஒன்றின் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். தணிகாசலம் என்ற பாய்லர் ஃபோர்மேன் கைப்பட எழுதிய நோட்டு ஒன்றை நகலெடுக்க, தேர்வு நேரத்தில் அந்தக் கடையில் வரிசை நிற்குமாம். அதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் மேடமே தணிகாசலம் சார் வீட்டைத் தேடிப் போய், "சார், உங்க நோட்ட நான் ரொம்ப நாளா உங்களக் கேக்காமலே வித்துகினு இருக்கேன். இனிமே கேட்டு விக்கலாம்னு வந்தேன்" என்றாராம். எங்கள் பாய்லர் புத்தகம் அப்படித்தான் பிறந்தது. "காப்பி அடிச்சே பொழச்சவ நான். எவன் எப்படி அடிப்பான்னு எனக்குத் தெரியும்" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கம் துளியும் இருக்காது, பெருமைதான் இருக்கும்.

போன் பேசும்போது அவர் உட்கார மாட்டார். காதில் பேனாவைச் செருகிக்கொண்டு ஜன்னல் வரை நடப்பார், திரும்புவார். புத்தகத்தைக் கசிய விட்டவர் என்று தெரிந்த ஆளிடம் பேசினாலும் முதல் கேள்வி "சாப்டீங்களா?" என்பதுதான். திருட்டு என்ற சொல்லை அலுவலகத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. ஒருமுறை நான் சொல்லிவிட்டேன். நடப்பதை நிறுத்தி, "கோவப்பட்ட ஆளு இன்னும் பத்து பேருக்கு அனுப்புவான். வெக்கப்பட்ட ஆளு அழிச்சிடுவான். உனக்கு எது வேணும்?" என்றார்.

என் முதல் வேலை பெயர் போடுவது. ஒருவர் வாங்கியதும் அவர் பெயரும் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் ஒவ்வொரு பக்கத்திலும் வெளிறிய சாம்பல் நிறத்தில் சாய்வாக விழ வேண்டும். ஓரத்தில் போட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள். அதனால் படத்தின் நடுவயிற்றில் போடுவேன், வால்வின் கைப்பிடிக்கும் குழாய்க்கும் இடையில். அதை அழித்தால் படமும் சேர்ந்து அழியும். எந்த அளவு வெளிறினால் படிக்கத் தொந்தரவில்லை, எந்த அளவு இருந்தால் நகலிலும் தெரியும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. மேடம் தன் பழைய ஜெராக்ஸ் மெஷினில் நகல் எடுத்தார், நகலுக்கு நகல், அதற்கும் நகல் எடுத்தார். மூன்றாவது நகலிலும் பெயர் தெரிந்த பிறகுதான் சரி என்றார்.

அந்த முறையில் நான் பிடித்த முதல் ஆளை நினைத்தால் இன்றும் சிரிப்பு. யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எங்கள் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் ஓடுவதாக ஒரு வாடிக்கையாளர் படம் அனுப்பினார். பெயர் பளிச்சென்று தெரிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பில் நானே போன் போட்டேன். எடுத்தது அவர் மனைவி.

"ஆமாம்மா, நான்தான் போட்டேன். எங்க வூட்டுக்காரரு பாய்லர் பரிச்சைக்குப் பட்ச்சுகினு கீறாரு. பேரு கூட புக்குலயே அச்சடிச்சி வந்துகீது பாத்தியா? எங்க மாமியாரு வூட்ல ஒருத்தன் பேரு புக்குல வந்ததில்ல!"

மேடம் போனை வாங்கி, "அவரு பாஸ் பண்ணதும் சொல்லும்மா. இப்ப அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துட்டு, அவரு படிக்கிற மாதிரி ஒரு போட்டோ போடு. அது இன்னும் நல்லாருக்கும்" என்றார். அந்தப் பெண் அப்படியே செய்தார். அவர் கணவர் தேர்ச்சி பெற்றதும் எங்களுக்கு முதலில் செய்தி வந்தது.

எல்லோரும் அப்படி வெகுளியாக இருந்துவிடவில்லை. ஒரு டி.டி.பி. சென்டரில் எங்கள் பாய்லர் புத்தகத்தை வரிக்கு வரி புதிதாகத் தட்டச்சு செய்து, படங்களையும் கையால் வரைந்து, வேறு அட்டையோடு குரூப்புகளில் விட்டார்கள். என் சாம்பல் பெயர்கள் எதற்கும் உதவவில்லை. இரண்டு நாள் அந்தப் பிரதியையே புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தது.

லாரிக்கு முன்பே குடங்கள் வரிசையில் போய் நின்றுவிடும், ஆட்கள் நிற்பதில்லை. என் அம்மா எப்போதும் பச்சை, ஆரஞ்சு, நீலம் என்ற வரிசையில்தான் வைப்பார். யாராவது நடுவில் தன் குடத்தை நுழைக்க எங்கள் குடங்களை நகர்த்தினால், திரும்ப வைக்கும்போது அந்த வரிசை மாறிவிடும். அம்மா தூரத்திலிருந்தே கண்டுபிடித்துச் சண்டைக்குக் கிளம்பிவிடுவார். அன்றும் கிளம்பினார். குடத்தில் பெயர் எழுதவில்லை, அடையாளம் எதுவும் இல்லை. வரிசையே அடையாளம். நான் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

நான்காம் பாடத்தில் பாய்லரின் மேல் இருக்கும் ஏழு உறுப்புகளின் பட்டியல் இருக்கிறது. சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், கேஜ் கிளாஸ் என்று ஏழு பெயர்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு புள்ளி. எதை முதலில் எழுதினாலும் அர்த்தம் மாறாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்த ஏழையும் வேறு வேறு வரிசையில் கொடுத்தேன். யாருக்கு எந்த வரிசை என்று ஓர் அட்டவணை வைத்துக்கொண்டேன். பெயரை அழிக்கலாம், புதிதாகத் தட்டச்சு செய்யலாம், கையால்கூட எழுதலாம். வரிசையை மாற்ற யாருக்கும் தோன்றாது. அடுத்த டி.டி.பி. பிரதி வெளிவந்ததும் ஏழு பெயர்களைப் படித்தேன், அட்டவணையில் விரலை ஓட்டினேன், ஆளின் பெயர் வந்து நின்றது. மேடம் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்று, "ஏய் ஈஸ்வரி!" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். இந்த முறை எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். கொஞ்ச நாள் நான் தரையிலேயே நடக்கவில்லை.

அந்த மிதப்பில்தான் தவறு செய்தேன்.

குரூப்புகளில் முழுப் புத்தகம் வருவது குறைந்து, தனித்தனிப் பாடமாக வர ஆரம்பித்தது. நான்காம் பாடம் இல்லாமல் மற்றவை வந்தால் என் அட்டவணை சும்மா கிடந்தது. சரி, எல்லாப் பாடத்திலும் பட்டியல் இருக்கிறதே என்று தேடினேன். புள்ளி வைத்த வரிகள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் வரிசையைக் கலைத்துவிட ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஆறாம் பாடத்திலும் ஐந்து புள்ளிகள் இருந்தன. கலைத்தேன். அந்த ஐந்து வரிகள் என்ன சொல்கின்றன என்று படிக்கவில்லை. படித்திருந்தாலும் அப்போது புரிந்திருக்குமா என்பது சந்தேகம். பாய்லரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை ஒரு போன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் அறையிலிருந்து ஏழுமலை என்பவர். பின்னால் இன்னொரு குரலும் கேட்டது.

"எம்மா, நான் காசு குட்த்து வாங்குன ஆளு. இதோ இந்த பாஷா ஓசில குரூப்ல எட்த்தவன். ஆறாவது பாடத்துல கேஜ் கிளாஸ் டெஸ்ட்டு கீதுல்ல, அவன் புக்குல ஒண்ணு சொல்லுது, என் புக்குல ஒண்ணு சொல்லுது. ரெண்டு பேருக்கும் பிரியாணி பந்தயம். எது கரெக்டுனு நீயே சொல்லு."

"அக்கா, ஓசின்னா மட்டமானு கேளுக்கா!" என்றது பின்னாலிருந்த குரல்.

இரண்டையும் படிக்கச் சொன்னேன். படித்தார்கள். வரிசை வேறு வேறு. என் வேலை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டு தணிகாசலம் சாருக்குப் போட்டேன். "சார், ஆறாம் பாடத்துல அந்த அஞ்சு புள்ளி, வரிசை மாறினா தப்பா சார்?" என்று கேட்டேன்.

"யாரு மாத்துனது?"

"நான்தான் சார்."

அவர் திட்டவில்லை. எனக்கு விளங்கும்படி சொன்னார். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியே காட்டும் கண்ணாடிக் குழாய்தான் கேஜ் கிளாஸ். அதற்கு மூன்று வால்வு. மேலே ஆவிக்கு ஒன்று, கீழே தண்ணீருக்கு ஒன்று, அடியில் வடிந்து போக ட்ரெயின். அடைப்பு இருந்தால் உள்ளே தண்ணீர் வற்றினாலும் கண்ணாடி பழைய மட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் சோதிக்க வேண்டும். முதலில் மற்ற இரண்டையும் மூடி ட்ரெயினைத் திறப்பது. பிறகு தண்ணீர் வழியைத் திறந்து, பாய்ந்து வெளியேறுகிறதா என்று பார்த்து மூடுவது. பிறகு ஆவி வழியை அதே மாதிரி. நாலாவதாகத்தான் ட்ரெயினை மூடுவது. கடைசியில் தண்ணீர், ஆவி என்ற முறையில் திறந்து மட்டத்தைப் பார்ப்பது.

"பாஷா புக்குல ட்ரெயினை மூடுறது ரெண்டாவதா வருது சார்."

"அப்ப அது டெஸ்ட்டே இல்ல. தண்ணி போற வழிய மூடிட்டு, தண்ணி போகுதான்னு பாக்குற கத. அடச்சிகினு கீற கிளாஸ நல்லாருக்குன்னு நம்பிட்டு நெருப்பப் போட்டுகினே இருப்பான். உள்ள தண்ணி இருக்காது, பாய்லரே வெடிக்கும்." பிறகு, "நான் நம்பர் போட்டிருக்கணும். புள்ளி வெச்சேன். எங்காளுங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

அதை அவர் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏழுமலையைத் திரும்ப அழைத்து அவர் புத்தகம்தான் சரி என்றேன். "பாத்தியாடா, காசுக்குக் காசுதாண்டா!" என்று அவர் கத்தியது படிக்கட்டு வரை கேட்டிருக்கும். அவர் கையில் சரியான வரிசை போனது என் நிரலின் தற்செயல், வேறொன்றுமில்லை என்பதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேடத்திடம் சொன்னேன். முதல்முறையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "யார் யார் கையில போயிருக்கு?" என்றார். அதற்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இருந்தது. ஆள் பிடிக்க வைத்திருந்த அதே அட்டவணை, எந்த வாடிக்கையாளரிடம் எந்த வரிசை இருக்கிறது என்று பெயரோடு, எண்ணோடு சொன்னது. தப்பான வரிசை போனவர்களை மஞ்சளால் கோடிட்டேன். ஏறக்குறைய பட்டியல் முழுவதும் மஞ்சள்.

தணிகாசலம் சார் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். மூன்று பேரும் மூன்று போன். சார் பேசிய விதத்தை நான் மறக்க மாட்டேன். வணக்கம், பெயர், உடனே விஷயம். ஐந்து படிகளையும் சொல்லுவார். பிறகு, "இப்ப நீ சொல்லு" என்பார். எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு படி தடுமாறினால் முதலிலிருந்து. "தெரியும் சார்" என்றால், "தெரிஞ்சா சொல்லு" என்பார். மதியத்துக்குள் நானும் அவரைப் போலவே செய்யப் பழகிவிட்டேன். அன்று ஐந்து படிகளை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. இப்போதும் கண்ணை மூடினால் சொல்லுவேன். ஓட்டேரியிலிருந்து ஒருவர், "ஏம்மா, இது இன்னா புதுசா போன்லயே பரிச்சை வெக்கிறீங்க?" என்று கேட்டார். "பாஸ்ணா நீங்க" என்றேன். சாயங்காலம் பட்டியல் முடிந்தது.

ஆனால் பாஷா என் பட்டியலில் இல்லையே. அவரைப் போல அந்தக் குரூப்பில் எடுத்தவர்கள் யாரும் இல்லை. காசு கொடுத்தவர்களை ஒருவர் விடாமல் எனக்குத் தெரியும். கொடுக்காதவர்களில் ஒருவரையும் தெரியாது. அவர்கள்தான் அதிகம். சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. அதைவிட, அவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு பாய்லர் முன்னால் நிற்பவர்கள்.

அந்தக் குரூப்பை நடத்துபவரை எனக்கு நன்றாகத் தெரியும், முகம் பார்த்ததில்லை. 'ஸ்டீம் தோஸ்து' என்ற பெயரில் இருப்பார். நான்கு முறை புகார் கொடுத்து அவர் குரூப்பை மூட வைத்திருந்தேன். நான்கு முறையும் அடுத்த நாளே புதிது திறந்தார். என் எண்ணை பிளாக் செய்து வைத்திருந்தார். ஏழுமலையிடம் கேட்டேன். "அவனா? மணலில கீறான், நம்ம பயதான்" என்று சொந்த எண்ணையே கொடுத்தார். மேடத்தின் போனிலிருந்து அழைத்தேன்.

"அண்ணா வணக்கம், நான் ஈஸ்வரி பேசுறேன். பாய்லர் புத்தக அலுவலகத்துல இருந்து."

"அடடே! நாலு தபா என் குரூப்ப தூக்குன ஈஸ்வரியா? இன்னா, அஞ்சாவது தபா தூக்கறதுக்குப் பெர்மிஷனா?"

"இல்லண்ணா. உங்க குரூப்புல இருக்குற ஆறாவது பாடத்துல ஒரு பிழை இருக்கு. திருத்திய பக்கத்தை அனுப்புறேன், எல்லாருக்கும் போட முடியுமா?"

அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நீ அனுப்பற பக்கத்த நான் போடணும். எவன் எவன் தொறக்கறான்னு நீ அங்க குந்திகினு பாப்ப. நான் இன்னா கேனையனா?"

மேடம் கண்ணாலேயே என்ன என்று கேட்டார். நான் அலுவலகத் தமிழை விட்டேன்.

"அண்ணே, மெய்யாலுமே சொல்றேன் கேளு. உன்னப் புடிக்கணும்னா எனக்கு லிங்க்கு வேணாம். நாலாவது பாடத்துல ஏழு ஐட்டம் கீது பாரு, அத்தப் பட்ச்சாலே யாரு குட்த்த புக்குனு எனக்குத் தெரியும். ஒவ்வொரு புக்குலயும் வரிச வேற வேற. நான்தான் மாத்தி வெப்பேன். அத்த மாத்தச் சொல்லோ ஆறாவது பாடத்தயும் மாத்திட்டேன். அது வால்வு தொறக்கற வரிச. தெரியாம பண்ணிட்டேன்."

சொல்லி முடித்ததும் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தை, தெரியவே கூடாத ஒரே ஆளிடம் ஒப்பித்திருந்தேன். இனி அந்த முறை செல்லாது. மேடத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "யம்மாடி... தண்டையார்பேட்டைல ஒருத்தங்கிட்ட வேற மாதிரி இருந்துச்சு. தப்பா டைப் பண்ணிட்டான்னு நெனச்சேன். அது நீயா?"

"நான்தான்ணே."

"கில்லாடிதான்." குரலில் சிரிப்பு போய்விட்டது. "ஆறாவதுல இன்னா தப்பு? சொல்லு."

ஐந்து படிகளையும் சொன்னேன். "இப்ப நீ சொல்லுண்ணே" என்றேன், பழக்கத்தில். அவர் சொன்னார். நாலாவதாக ட்ரெயினை மூடுவது வந்ததும் நின்றார்.

"என் தம்பி இப்ப ஷிப்ட்ல நின்னுகினு கீறான். இந்தப் பக்கத்த நான்தான் அவனுக்கு பிரிண்டு போட்டு பாய்லர் பக்கத்துல ஒட்டிக் குட்த்தேன். பேஜாரு பண்ட்டியே தாயி." உடனே, "அனுப்பு. ஆனா ஒண்ணு. உன் பேரு, நம்பரு போட்டு அனுப்பு. மொட்டையா வர்றத எவனும் நம்ப மாட்டான். யாரு சொன்னதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார்.

உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் செய்தேன். புள்ளிகளை எடுத்துவிட்டு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டேன். வாங்கியவர் பெயர் விழும் இடத்தில், படத்தின் நடுவயிற்றில், சாய்வாக "மு. ஈஸ்வரி" என்று போட்டு, அலுவலக எண்ணையும் சேர்த்தேன். மற்ற எல்லாப் பக்கத்திலும் கீழே "பிறருக்குப் பகிர வேண்டாம்" என்று இருக்கும். அதை அழித்துவிட்டு, "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று தட்டினேன். தட்டும்போது விரல் கூசியது.

மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வேலை போகும் என்றே நினைத்திருந்தேன்.

"பேரு சரியாத் தெரியல. இன்னும் கொஞ்சம் கறுப்பாப் போடு" என்றார். போட்டேன். "ஜெராக்ஸ் கடைல ஒரு பக்கம் குட்த்தா சாயந்தரத்துக்குள்ள ஊருக்கே போயிடும். அந்த ஸ்பீடு எனக்கு என்னிக்கும் புடிக்காது. இன்னிக்குப் புடிக்குது. அனுப்பு."

"மேடம், வரிசை விஷயத்தையும் சொல்லிட்டேன்."

"கேட்டுகினுதான இருந்தேன். வேற ஏதாவது கண்டுபுடி."

தண்டனை இல்லாமல் இல்லை. மறுநாள் முழுப் புத்தகத்தையும் அச்செடுத்து தணிகாசலம் சார் முன் வைத்தோம். அடுத்து என்ன முறை வந்தாலும் தொடலாம் என்ற வரிகளுக்குப் பச்சைப் பேனா, தொடக் கூடாது என்றதற்குச் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் ஏன் சிவப்பு என்று நான் எழுதித் தர வேண்டும். எழுதினேன். பச்சை விழாமல் எங்கள் அலுவலகத்தில் அதன் பிறகு ஒரு வரி நகர்ந்ததில்லை. இப்போது செயலி வந்ததும் என்னைப் புத்தகங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சிவப்புப் பேனா என் மேசையில்தான் இருக்கிறது.

குரூப்பிலிருந்த பிரதி யாருடையது என்றும் அட்டவணை சொல்லியிருந்தது. அவரையும் அன்று அழைத்தோம், வால்வைப் பற்றி மட்டும் பேசினோம். ஸ்டீம் தோஸ்து அந்தப் பக்கத்தைத் தன் குரூப்பின் உச்சியில் பின் செய்து வைத்தார், தெரிந்த மற்ற குரூப்புகளிலும் போட்டார். அவர் தம்பி பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டி, பாய்லரோடு ஒரு படம் எடுத்து அனுப்பினார். இதையெல்லாம் வியாழக்கிழமையே தெரிந்துகொண்டேன். ஆனாலும் எத்தனை பேருக்குப் போனது, எங்கே நின்றது என்று தெரியவில்லை. எங்கே போகிறது என்று ஒவ்வொரு பக்கத்தையும் பின்தொடர்ந்து பழகியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா ஐஸ் வேலை முடித்து, குளித்து, கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தார். அவர் படித்ததில்லை. வருகிற படத்தைப் பார்ப்பார், குரலில் பதில் அனுப்புவார்.

"பாப்பா, இங்க வா. இத்தப் பாரு. இது உன் பேருதானே?"

என் பக்கம். எத்தனை கை மாறியதோ, ஓரமெல்லாம் மங்கி, நடுவில் சாய்வாக என் பெயர்.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உன்ன இஸ்கூல்ல சேக்கச் சொல்லோ டீச்சர் ஃபாரத்துல எழுதிக் காட்டுனாங்கல்ல. 'ஈ'னு மொத எழுத்துல ரெண்டு புள்ளி வெச்சிருக்கும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

"யாருப்பா அனுப்பினாங்க?"

"ஐஸ் ஃபேக்டரி குரூப்புல வந்துச்சு."

"ஐஸ் ஃபேக்டரில பாய்லர் ஏதுப்பா!"

"எனக்கு இன்னா தெரியும்? எம் பொண்ணு பேரு போட்டுகீது. நானும் இருக்குற எல்லாத்துக்கும் அனுப்ட்டேன்." பிறகு சந்தேகமாகப் பார்த்தார். "நீ யாருக்கும் அனுப்பாதன்னு சொல்ற ஆளாச்சே. அனுப்பலாம்ல?"

"அனுப்பலாம்பா."

போனை வாங்கிக்கொண்டேன். கீறல் விழுந்த அந்தத் திரையில் என் பெயரைத் தள்ளிவிட்டு, விரல் வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். ட்ரெயினை மூடுவது நாலாவதாகத்தான் இருந்தது.